குரல் திரும்பி வரும் நேரம்

வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்ய இன்று ஐந்து பொருள் போதும். ஒரு மைக், ஒரு ஹெட்போன், மைக்கையும் கணினியையும் இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற சிறு பெட்டி, ஒரு லேப்டாப், அதில் ஒரு ரெக்கார்டிங் சாஃப்ட்வேர். காலையில் வாங்கினால் மாலைக்குள் எல்லாவற்றையும் இணைத்துவிடலாம். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பக்கவாத்திய டிராக்கை ஓடவிட்டு, பல்லவியை எடுத்தால் முதல் வரியிலேயே ஏதோ இடறும். வாய் பாடியது காதுக்கு ஒரு கணம் பிந்தி வரும். பாடுபவர் தன்னையறியாமல் வேகத்தைக் குறைப்பார்; குறைத்துப் பாடியதும் பிந்தியே வரும். இரண்டு ஆவர்த்தனத்துக்குள் தாளம் கையைவிட்டுப் போயிருக்கும்.

மைக்கில் குறையில்லை. பாடுபவரிடமும் குறையில்லை. ஒலிப்பதிவுக்காரர்கள் லேட்டன்சி என்று சொல்லும் அந்தத் தாமதம்தான் காரணம். கணினி ஒலிப்பதிவுக் கூடமாக மாறிய கதையைப் பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க்கின் கொள்ளளவையும் பிராசஸரின் வேகத்தையும் வைத்துச் சொல்கிறார்கள். எனக்கு அது பாதிக் கதையாகவே படுகிறது. ஒலியை எண்ணாக்கிச் சேமிக்கக் கணினி 1950களிலேயே கற்றுக்கொண்டது. ஒருவர் பாடுவதை வாங்கி அவர் காதுக்கே நேரத்தோடு திருப்பிக் கொடுக்க, சாதாரண வீட்டுக் கணினிக்கு 1997 வரை ஆனது. கூடம் பிறந்தது அப்போதுதான் என்பேன்.

தாமதம் எவ்வளவு இருந்தால் பொறுக்கலாம்? 1950இல் பெர்னார்ட் லீ என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரு சோதனையை வெளியிட்டார். ஒருவரை உரக்கப் படிக்கச் சொல்லி, அவர் குரலையே டேப் இயந்திரம் வழியாகச் சற்றுப் பிந்தவைத்து ஹெட்போனில் அவருக்குத் திருப்பிக் கொடுத்தார். நன்றாகப் படித்துக்கொண்டிருந்தவர்கள் திக்கத் தொடங்கினார்கள், அசைகளை இரட்டித்தார்கள், சிலர் நின்றே போனார்கள். ஏறக்குறைய 200 மில்லிசெகண்ட், அதாவது ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு தாமதம்தான் பேச்சை மிக மோசமாகக் குலைக்கிறது என்பது பின்னால் உறுதியானது. இசைக்கு அதைவிடக் கண்டிப்பு தேவை. காற்றில் ஒலி ஒரு மில்லிசெகண்டில் சுமார் 34 சென்டிமீட்டர் போகிறது. மேடையில் மூன்று மீட்டர் தள்ளி ஸ்பீக்கரை வைத்திருக்கும் கிதார்காரருக்குத் தன் வாசிப்பு 9 மில்லிசெகண்ட் பிந்தித்தான் காதில் விழுகிறது. அவர் அதைக் கவனிப்பதுகூட இல்லை. பாடுபவர் நிலைமை வேறு. அவருடைய குரல் தாடை எலும்பு வழியாகவும் மண்டையோட்டு வழியாகவும் அவர் காதுக்கு உடனே போய்விடுகிறது. ஹெட்போனிலிருந்து அதே குரல் ஐந்தாறு மில்லிசெகண்ட் பிந்தி வந்தால் இரண்டும் ஒன்றோடொன்று மோதி, சில சுரங்கள் அடங்கியும் சில சுரங்கள் துருத்தியும் கேட்கும். தாமதம் என்றே அவருக்குத் தெரியாது. “என் குரல் எனக்கே சரியாக இல்லையே” என்றுதான் தோன்றும். ரெக்கார்டிங்கில் பாடகரைத் திருப்திப்படுத்துவது கடினம் என்று சொல்லப்படுவதில் பாதிக்கு இந்த இயற்பியலே காரணம்.

இந்தத் தொல்லை கணினியோடு வந்ததல்ல. டேப் காலத்திலேயே இருந்தது. அங்கே அதைத் தீர்த்த விதம் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. லெஸ் பால் என்ற அமெரிக்கக் கிதார் மேதைக்கு, தன் வாசிப்பின்மேலேயே தான் மறுபடி மறுபடி வாசித்து அடுக்கும் ஆசை. டேப் இயந்திரத்தில் பதிவு செய்யும் ஹெட்டும், பதிவானதை வாசித்துக் காட்டும் ஹெட்டும் பக்கத்தில் பக்கத்தில் தனித்தனியாக இருக்கும். டேப் நொடிக்கு 15 அங்குலம் ஓடுகிறது என்றால், இரண்டு ஹெட்டுக்கும் நடுவே உள்ள ஒவ்வொரு அங்குலமும் 67 மில்லிசெகண்ட் தாமதம். முதலில் பதிவான கிதாரை வாசிக்கும் ஹெட்டிலிருந்து கேட்டபடி இரண்டாவது கிதாரை எவ்வளவு துல்லியமாக வாசித்தாலும், அது டேப்பில் பிந்தித்தான் விழும். ஆம்பெக்ஸ் நிறுவனத்தில் ராஸ் ஸ்னைடர் இதற்கு ஒரு வழி கண்டார். பதிவு ஹெட்டில் ஒவ்வொரு டிராக்குக்கும் தனித்தனிப் பகுதி உண்டு. பதிவாகாமல் சும்மா இருக்கும் பகுதிகளை அந்த நேரத்துக்கு வாசிக்கும் ஹெட்டாக மாற்றிவிட்டால், கேட்பதும் பதிவாவதும் டேப்பின் ஒரே கோட்டில் நடக்கும். தூரம் பூஜ்யம், தாமதமும் பூஜ்யம். பதிவு ஹெட் வாசித்துக் காட்டும் ஒலி அவ்வளவு தரமாக இராது. கூடவே வாசிப்பதற்கு வழிகாட்ட அதுவே போதும். செல்-சிங்க் என்ற பெயரில் இந்த ஏற்பாட்டோடு செய்யப்பட்ட எட்டு டிராக் இயந்திரம் 1957இல் நியூ ஜெர்சி மாநிலம் மாவாவில் இருந்த லெஸ் பால் வீட்டுக்கு வந்து இறங்கியது. விலை 10,000 டாலர்.

அதே 1957இல், அதே நியூ ஜெர்சியில், மர்ரி ஹில் என்ற ஊரில் இருந்த பெல் ஆய்வுக்கூடத்தில் மேக்ஸ் மேத்யூஸ் கணினியை இசைக்க வைத்தார். பேச்சைத் தொலைபேசி வழியே சிக்கனமாக அனுப்புவது பற்றி ஆராய, ஒலியை எண்களாக்கிக் கணினிக்குள் கொண்டுபோகவும் வெளியே கொண்டுவரவும் அங்கே கருவி செய்திருந்தார்கள். வயலின் வாசிக்கத் தெரிந்த மேத்யூஸுக்கு, எண்களிலிருந்து பேச்சு வருமானால் இசையும் வரும் என்று தோன்றியது. மியூசிக் என்ற பெயரில் புரோகிராம் எழுதினார். அவருடைய சகா நியூமன் கட்மன் அதற்காக 17 நொடி நீளத்தில் ஒரு சிறு மெட்டு அமைத்தார்.

அந்த 17 நொடி காதில் விழ என்ன செய்தார்கள் என்பதைப் பார்த்தால் தாமதம் என்பதன் முழு உருவமும் தெரியும். தேவையான ஐபிஎம் 704 கணினி மர்ரி ஹில்லில் இல்லை. நியூயார்க்கில், ஐபிஎம் தலைமை அலுவலகத்தில் இருந்தது. புரோகிராமை எடுத்துக்கொண்டு அங்கே போக வேண்டும், வாடகைக்கு நேரம் வாங்கி ஓடவிட வேண்டும், விடையாக வந்த எண்களைக் காந்த டேப்பில் வாங்கிக்கொண்டு மர்ரி ஹில்லுக்குத் திரும்ப வேண்டும். அந்த எண்களை ஒலியாக மாற்றும் வெற்றிடக் குழாய்க் கருவி அங்கேதான் இருந்தது. எழுதியதற்கும் கேட்டதற்கும் நடுவே ஒரு நகரப் பயணம். மேத்யூஸ் செய்தது இருபதாம் நூற்றாண்டு இசையின் பெரிய காரியங்களில் ஒன்று என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் அந்தக் கணினியோடு சேர்ந்து ஒருவர் பாட முடியாது.

அடுத்த இருபது ஆண்டுகளை வேகமாகக் கடக்கலாம். தாமஸ் ஸ்டாக்ஹம் 1975இல் சால்ட் லேக் சிட்டியில் சவுண்ட்ஸ்ட்ரீம் நிறுவனத்தைத் தொடங்கி, 1976இல் சான்டா ஃபே ஆபராவை எண்முறையில் பதிவு செய்தார். சில ஆண்டுகளில் ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிய இசையைக் கணினியில் வெட்டி ஒட்டவும் செய்தார். சவுண்ட்ஸ்ட்ரீமின் கணினி அறையை அடைத்து நிற்கும் இயந்திரம். வீட்டுக்கு அது வருவதற்கில்லை.

இந்தக் காலத்தில்தான் 44,100 என்ற எண் வந்து ஒட்டிக்கொண்டது. ரெக்கார்டிங் சாஃப்ட்வேரை முதல்முறை திறப்பவரை அது கட்டாயம் எதிர்கொள்ளும்: ஒரு நொடி ஒலியை எத்தனை துண்டாக அளப்பது என்ற சாம்பிள் ரேட். மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும், அதற்கு இரு மடங்குக்குச் சற்று மேலே வேண்டும் என்பது கொள்கை. அப்படியென்றால் 42,000 ஏன் இல்லை, 45,000 ஏன் இல்லை? 1970களின் இறுதியில் அவ்வளவு எண்களை வேகமாக எழுதக் கைக்கெட்டிய சாதனம் வீடியோ டேப்தான். தொலைக்காட்சிப் படத்தின் ஒவ்வொரு கோட்டிலும் மூன்று எண்களை எழுதினார்கள். அமெரிக்க, ஜப்பானிய முறையில் நொடிக்கு 60 புலம் (பாதிப் படம்), புலத்துக்குப் பயன்படும் கோடு 245, கோட்டுக்கு மூன்று எண், பெருக்கினால் 44,100. ஐரோப்பிய முறையில் 50 புலம், 294 கோடு. அதையும் மூன்றால் பெருக்கினால் அதே 44,100. இரண்டு உலகுக்கும் பொருந்திய அந்த எண் 1982இல் சிடியில் ஏறி நிலைத்தது. சினிமாவுக்கும் வீடியோவுக்கும் 48,000 வழக்கமானது. சாஃப்ட்வேரில் ஒன்றும் பெட்டியில் இன்னொன்றுமாக இவை குழம்பிவிட்டால், ஐந்து கட்டையில் பாடியது ஐந்தரையைத் தாண்டி ஆறை நெருங்கிக் கேட்கலாம். பதிவைத் தொடங்குமுன் இரண்டு இடத்திலும் ஒரே எண் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

சிடி தரத்தில் ஒரு நிமிட ஸ்டீரியோ ஒலிக்கு 10 மெகாபைட்டுக்கு மேல் இடம் வேண்டும். 1985இல் ஆப்பிள் மெக்கின்டாஷுக்கு விற்ற ஹார்ட் டிஸ்க் 20 மெகாபைட். இரண்டு நிமிடம்கூடத் தேறாது. அதே ஆண்டில் கலிஃபோர்னியாவில் பீட்டர் காட்சர், இவன் பிரூக்ஸ் என்ற இரு நண்பர்கள் சவுண்ட் டிசைனர் என்ற சாஃப்ட்வேரை வெளியிட்டார்கள். டிரம் இயந்திரத்துக்கு விதவிதமான ஒலிச் சில்லுகள் செய்து விற்றுக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். சாம்பிளர் கருவியில் உள்ள சிறு ஒலித்துண்டை மெக்கின்டாஷுக்குக் கேபிள் வழியே இழுத்து, அலையைத் திரையில் பார்த்துத் திருத்தி, திருப்பி அனுப்ப அந்த சாஃப்ட்வேர் உதவியது. அவர்களுடைய டிஜிடிசைன் நிறுவனம் 1989இல் இரண்டு டிராக் சவுண்ட் டூல்ஸையும், 1991இல் நான்கு டிராக் புரோ டூல்ஸையும் கொண்டுவந்தது. தாமதப் பிரச்சினைக்கு அவர்கள் கண்ட விடை பணத்தால் ஆனது. கணினியின் பிராசஸரை நம்பாமல், ஒலிக்கென்றே தனிச் சில்லு வைத்த கார்டைக் கணினிக்குள் சொருகி, ஒலி அந்தக் கார்டுக்குள்ளேயே சுற்றி வரும்படி செய்தார்கள். மெக்கின்டாஷின் வேலை திரையைக் காட்டுவதும் டிஸ்க்கில் எழுதுவதும் மட்டும். நான்கு டிராக்குக்கு விலை சுமார் 6,000 டாலர், கணினி தனி. கூடங்கள் வாங்கின. இசைக்கலைஞர் வீட்டுக்கு அது எட்டாக்கனி.

அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம், ஹாம்பர்க்கில், கார்ல் ஸ்டைன்பர்க் என்ற ஒலிப்பதிவாளரும் மான்ஃப்ரெட் ரூரப் என்ற கீபோர்டுக் கலைஞரும் 1984இல் ஒரு நிறுவனம் தொடங்கியிருந்தார்கள். மிடி அப்போதுதான் பிறந்திருந்தது: 1983இல் வெவ்வேறு நிறுவனங்களின் சின்தசைசர்கள் ஒரே கேபிளில் பேசிக்கொள்ள வகை செய்த பொதுமொழி. மிடியில் போவது ஒலி அல்ல. எந்தக் கட்டை எப்போது, எவ்வளவு அழுத்தி அமுக்கப்பட்டது என்ற குறிப்பு மட்டுமே. எண்கள் மிகக் குறைவு, ஆகவே சின்னக் கணினிகூட அவற்றை நேரம் தவறாமல் கொடுத்துவிடும். 1985இல் வந்த அட்டாரி எஸ்டியில் மிடி சொருகிடம் கணினியோடு சேர்ந்தே வந்ததால் ஐரோப்பிய இசைக்கலைஞர்கள் வீட்டில் அது குடியேறியது. அதற்காக ஸ்டைன்பர்க் நிறுவனம் 1989இல் க்யூபேஸ் என்ற சாஃப்ட்வேரை வெளியிட்டது. டிராக்குகள் கீழ்க்கீழாக அடுக்கியிருக்க, நேரம் இடமிருந்து வலமாக ஓடும் அந்தத் திரை அமைப்பைத்தான் இன்றைய ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் எதைத் திறந்தாலும் பார்க்கிறோம்.

1996இல் ஸ்டைன்பர்க் துணிந்து ஒரு காரியம் செய்தது. தனிக் கார்டு எதுவும் வேண்டாம், மெக்கின்டாஷின் பிராசஸரே ஒலியைக் கலக்கட்டும், எதிரொலி சேர்க்கட்டும் என்று க்யூபேஸ் விஎஸ்டியை இறக்கியது. அடுத்து விண்டோஸுக்கு அதைக் கொண்டுபோனபோதுதான் சுவரில் முட்டியது.

அன்றைய பிசிக்குள் ஒலியின் நிலைமை என்னவென்றால், பெரும்பாலான சவுண்ட் கார்டுகள் விளையாட்டுக்காக அமைந்தவை. சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1989இல் வெளியிட்ட சவுண்ட் பிளாஸ்டரும் அதைப் பார்த்துச் செய்த கார்டுகளும் கோடிக்கணக்கான கணினிகளுக்கு வாய் கொடுத்தன. அந்தப் புண்ணியத்தை மறக்கக்கூடாது. ஆனால் தொடக்ககால சவுண்ட் பிளாஸ்டர் ஒரு நேரத்தில் ஒன்றுதான் செய்யும்: ஒலிக்கும், அல்லது பதிவு செய்யும். பழைய டிராக்கைக் கேட்டபடி புதியதைப் பாடுவது என்ற அடிப்படைக்கே வழியில்லை. இரண்டையும் சேர்த்துச் செய்யும் கார்டுகள் வந்த பிறகும், விண்டோஸ் வழியாகப் போய்த் திரும்பும் ஒலி நூற்றுக்கணக்கான மில்லிசெகண்ட் பிந்தியது. பெர்னார்ட் லீ தன் ஆட்களைத் திக்கவைத்த அதே அளவு, சில கார்டுகளில் அதற்கும் மேல்.

அந்தத் தாமதம் எங்கே ஒளிந்திருக்கிறது என்பதைக் கிட்டப்போய்ப் பார்ப்போம். பிராசஸர் ஒலியை மட்டும் கவனித்துக்கொண்டிருப்பதில்லை. மவுஸ், டிஸ்க், திரை என்று ஆயிரம் வேலை. ஒவ்வொரு எண்ணாக வந்து வாங்க அதற்கு நேரமில்லை. ஆகவே சவுண்ட் கார்டு இரண்டு குடம் வைத்துக்கொள்கிறது. ஒரு குடம் நிரம்பும்வரை மற்றதைப் பிராசஸர் எடுத்துப் போய் வேலை பார்த்துத் திரும்ப வேண்டும். குடம் நிறைந்ததும் மாற்றிக்கொள்வார்கள். இந்தக் குடம்தான் பஃபர். பெரிய குடமென்றால் பிராசஸருக்கு ஆசுவாசம், ஆனால் அது நிறையும்வரை பாடகர் காத்திருக்க வேண்டும். சிறிய குடமென்றால் குரல் சீக்கிரம் திரும்பும், ஆனால் பிராசஸர் ஒருமுறை நேரம் தவறினாலும் ஒலியில் ‘டிக்’ என்று ஓட்டை விழும். 44,100 கணக்கில் 1,024 எண் கொள்ளும் பஃபர் நிறைய 23 மில்லிசெகண்ட் ஆகும். 256க்கு 5.8. 64 என்றால் ஒன்றரைக்கும் குறைவு. போகும்போது ஒரு குடம், வரும்போது ஒரு குடம், மின்னலையை எண்ணாக்கவும் எண்ணை மின்னலையாக்கவும் இன்னும் சிறிது. விண்டோஸ் இதற்கு மேலும் தானே பல பஃபர்களை நடுவில் வைத்தது. ஒரே நேரத்தில் கேமும், மணியோசையும், பாட்டும் ஒலிக்க வேண்டுமல்லவா, எல்லாவற்றையும் கலந்து தர அதற்கு அவகாசம் வேண்டியிருந்தது. பாட்டுக் கேட்பவருக்கு அதனால் நஷ்டமே இல்லை. நஷ்டமெல்லாம் பாடுபவருக்கு.

ஸ்டைன்பர்க் 1997இல் விண்டோஸைச் சுற்றிக்கொண்டு போக ஒரு பாதை போட்டது. அதன் பெயர் ஏசியோ. சவுண்ட் கார்டை இயக்கும் டிரைவர் என்ற சிறு சாஃப்ட்வேரும் ரெக்கார்டிங் சாஃப்ட்வேரும் நடுவில் யாருமில்லாமல் நேருக்கு நேர் அந்த இரண்டு குடங்களை மாற்றிக்கொள்வதற்கான ஒப்பந்தம் அது. குடத்தின் அளவு என்ன, எத்தனை சேனல், மாற்றும் நேரம் வந்ததும் யார் யாரைக் கூப்பிடுவது என்பதற்கான விதிகள். பெரிதாக வேறொன்றும் இல்லை. அவர்கள் செய்த புத்திசாலித்தனமான காரியம், அதைத் தங்களுக்கென்று பூட்டி வைக்காமல் கார்டு செய்பவர்களுக்கும் போட்டி சாஃப்ட்வேர் எழுதுபவர்களுக்கும் இலவசமாகக் கொடுத்தது. யார் கார்டு செய்தாலும் ஏசியோ டிரைவர் ஒன்று எழுதிவிட்டால், எந்த சாஃப்ட்வேரோடும் அது வேலை செய்யும். சில நூறு டாலர் கார்டும் சாதாரண பிசியும் சேர்ந்து, பத்துப் பதினைந்து மில்லிசெகண்டில் குரலைத் திருப்பிக் கொடுத்தன. ஆயிரக்கணக்கில் விலை சொன்ன தனிச் சில்லுகளின் வேலை ஒரு டிரைவர் ஃபைலுக்குள் அடங்கியது. வீட்டு ஒலிப்பதிவின் பிறந்த தேதியாக ஒன்றைக் குறிக்கச் சொன்னால் நான் இதைத்தான் குறிப்பேன்.

ஆப்பிள் 2001இல் மேக் ஓஎஸ் எக்ஸை வெளியிட்டபோது கோர் ஆடியோ என்ற பெயரில் இந்த நேர்ப்பாதையை ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குள்ளேயே கட்டிவிட்டது. அதனால்தான் மேக்கில் பெட்டியைச் சொருகியதும் வேலை நடக்கிறது. விண்டோஸில் முதலில் டிரைவரைத் தேடி இறக்க வேண்டியிருக்கிறது.

லினக்ஸின் கதை தனி ரகம். அமேசானின் மிகத் தொடக்க நாட்களில் அதற்குப் புரோகிராம் எழுதிய பால் டேவிஸ், அங்கிருந்து விலகியபின் இசைப் பக்கம் வந்தார். ஜெர்மனியின் ஆர்எம்ஈ நிறுவனம் செய்த ஹேமர்ஃபால் என்ற பல சேனல் கார்டுக்கு லினக்ஸ் டிரைவர் எழுதினார். டிரைவர் இருந்தால் போதுமா, பதிவு செய்ய சாஃப்ட்வேர் வேண்டாமா என்று ஆர்டர் என்ற சாஃப்ட்வேரை எழுதத் தொடங்கினார். பல சாஃப்ட்வேர்கள் ஒரே குடத்தைத் தாமதம் கூட்டாமல் கைமாற்றிக்கொள்ள ஜாக் என்ற இணைப்பு அமைப்பையும் உருவாக்கினார். ஆனால் லினக்ஸின் கருவான கெர்னலே அப்போது நேரம் தவறக்கூடியதாக இருந்தது. டிஸ்க்கில் எழுதும் வேலையில் அது மூழ்கிவிட்டால் ஒலிக்காரர் காத்திருக்க வேண்டியதுதான். இசைக்காரர்கள் அளந்து காட்டிய இந்தக் குறையைத் தீர்க்க இங்கோ மோல்னார், ஆண்ட்ரூ மார்ட்டன் போன்ற கெர்னல் நிபுணர்கள் இறங்கினார்கள். நேரம் தவறாத லினக்ஸுக்கான வேலை பலர் கையில் வளர்ந்து, தொழிற்சாலை இயந்திரங்களுக்கும் பயன்பட்டு, 2024 நவம்பரில் வெளிவந்த லினக்ஸ் 6.12இல் கெர்னலின் பகுதியாகவே சேர்ந்தது. கிதாரும் கையுமாக இருந்தவர்கள் கொடுத்த புகாருக்கும் அதில் ஒரு பங்கு உண்டு.

நம்மில் பலரும் முதலில் தொடும் ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் இவை எதுவுமல்ல, ஆடாசிட்டி. 1999இல் பிட்ஸ்பர்க்கின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டாமினிக் மசோனி என்ற மாணவரும் ரோஜர் டானன்பர்க் என்ற பேராசிரியரும் ஒலியை ஆராயும் கருவியாக அதைத் தொடங்கினார்கள். 2000 மே மாதம் பொதுமக்களுக்கு இலவசமாக வந்தது. நீண்ட பதிவைச் சிறு சிறு துண்டாக டிஸ்க்கில் வைத்துக்கொண்டு, நடுவில் வெட்டினால் முழு ஃபைலையும் நகர்த்தாமல் துண்டுகளின் வரிசையை மட்டும் மாற்றும் உத்தி அதன் உயிர். வசதி குறைந்த கணினியிலும் ஒரு மணி நேரப் பேச்சைச் சட்டென்று வெட்ட முடிந்தது அதனால்தான். ஆனால் உரிமச் சிக்கலால் ஏசியோ இல்லாமலே அது வெளிவந்தது. ஆகவே அது வேறொரு வழியைக் கைக்கொண்டது: பாடும்போது தாமதத்தைத் தடுக்காது, பாடி முடித்தபின் புதிய டிராக்கை அந்த அளவுக்கு முன்னால் இழுத்துவைக்கும். எவ்வளவு இழுப்பது என்ற இடத்தில் ஆடாசிட்டி முன்கூட்டியே போட்டு வைத்திருக்கும் எண் கழித்தல் 130 மில்லிசெகண்ட்.

அந்த 130 உங்கள் கணினிக்குப் பொருந்த வேண்டும் என்ற கட்டாயமில்லை. அளந்து பார்க்கலாம், எவரும் செய்யக்கூடிய அழகான சோதனை அது. இன்டர்ஃபேஸ் பெட்டியின் பின்பக்க அவுட்புட்டிலிருந்து முன்பக்க இன்புட்டுக்கு ஒரு கேபிளைச் சொருகுங்கள். ஒலி அளவைக் குறைத்து வையுங்கள். சாஃப்ட்வேரில் ‘டிக் டிக்’ என்ற தாள டிராக் ஒன்றை உருவாக்கி, அதை ஒலிக்கவிட்டபடியே இரண்டாவது டிராக்கில் பதிவு செய்யுங்கள். பிறகு ஒரே ஒரு ‘டிக்’ திரை முழுதும் தெரியும்வரை பெரிதாக்குங்கள். மேலே இருப்பது கணினி அனுப்பியது, கீழே இருப்பது ஊரைச் சுற்றித் திரும்பியது. இரண்டின் தொடக்கத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியைத் தேர்ந்தெடுத்தால் எத்தனை மில்லிசெகண்ட் என்று சாஃப்ட்வேரே சொல்லிவிடும். மேத்யூஸின் நகரப் பயணத்திலிருந்து இன்றுவரை நடந்த வேலையெல்லாம் அந்தச் சிறு இடைவெளியைச் சுருக்கத்தான். கீழ் டிராக் பிந்தியிருந்தால் அந்தப் பிந்தலை உள்ளே எழுதியிருக்கும் எண்ணோடு சேர்த்துத் திருத்திவிட்டால், அடுத்த பதிவு இருக்க வேண்டிய இடத்தில் வந்து உட்காரும்.

பாடும்போதே தாமதம் வேண்டாம் என்பவருக்குப் பெட்டியின் முகப்பில் ஒரு சுவிட்சு இருக்கிறது: டைரக்ட் மானிட்டர். அதைப் போட்டால் மைக்கிலிருந்து வரும் குரல் கணினிக்குப் போகும் வழியிலேயே கிளைபிரிந்து நேராக ஹெட்போனுக்கும் போய்விடுகிறது. பஃபரும் இல்லை, டிரைவரும் இல்லை. எதிரொலி சேராத வெறுங்குரலாகக் கேட்கும், அவ்வளவுதான். ஸ்னைடர் டேப்பில் செய்த அதே தந்திரம்: வழிகாட்டத் தரம் வேண்டாம், நேரம் போதும். வேகமான லேப்டாப் வாங்கினால் தடுமாற்றம் தீரும் என்று பணம் சேர்ப்பவர்களுக்கு இந்தச் சுவிட்சைத்தான் முதலில் காட்டுவேன். சாஃப்ட்வேரில் மானிட்டரை அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் குரல் இரண்டு தடவை கேட்கும்.

அதே முகப்பில் 48 வோல்ட் என்று எழுதிய இன்னொரு பொத்தான் இருக்கும். தாமதத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை, ஆனாலும் அதன் பிறப்பைச் சொல்லாமல் போக மனமில்லை. கண்டென்சர் மைக்குக்கு உள்ளே மின்சாரம் வேண்டும்; அதை மைக் கேபிள் வழியாகவே அனுப்புகிறது அந்தப் பொத்தான். 1966இல் ஜெர்மனியின் நாய்மன் நிறுவனம் நார்வே வானொலிக்கு டிரான்சிஸ்டர் மைக் செய்து கொடுக்கப் போனது. நார்வே நிலையத்தில் அவசர விளக்குகளுக்காக ஏற்கெனவே 48 வோல்ட் மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தது. இருப்பதையே பயன்படுத்துவோம் என்று அதில் இணைத்தார்கள். அதுவே உலகத் தரமாயிற்று. நார்வேக்காரர்களின் விளக்குக்கு வைத்த அளவில்தான் இன்று உலகம் முழுக்க வீட்டு மைக்குகள் உயிர் பெறுகின்றன.

ஒரு பக்கம் தீர்த்த தாமதம் இன்னொரு பக்கம் திரும்பி வந்திருக்கிறது. ப்ளூடூத் ஹெட்போனில் ஒலியைச் சுருக்கி, காற்றில் அனுப்பி, விரித்துக் கேட்பதற்குள் சாதாரணமாக 100 மில்லிசெகண்டைத் தாண்டிவிடும். பாட்டுக் கேட்க உகந்தது, பதிவுக்கு ஆகாது. கம்பி வைத்த ஹெட்போனே வேண்டும். ஆண்ட்ராய்டு போன்களும் நெடுங்காலம் விண்டோஸ் பட்ட பாட்டையே பட்டன. 2017இல் ஆண்ட்ராய்டு 8இல்தான் ஏஆடியோ என்ற நேர்ப்பாதையைக் கூகுள் போட்டது.

இணையத்தில் சேர்ந்து பாடுவது கடைசிக் கோட்டை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கிறிஸ் சேஃபும் ஹுவான் பாப்லோ காசரெஸும் உருவாக்கிய ஜாக்டிரிப் என்ற சாஃப்ட்வேர், ஒலியைச் சுருக்காமல், குடத்தை முடிந்தவரை சிறிதாக்கி, ஊர்விட்டு ஊர் அனுப்புகிறது. 2020இல் பெருந்தொற்றில் வீட்டில் அடைபட்ட பாடகர் குழுக்கள் பல அதில்தான் கூடின. பக்கத்து ஊர்களுக்குள் அது நன்றாகவே நடக்கிறது. சென்னையில் இருக்கும் ஆசிரியரும் லண்டனில் இருக்கும் மாணவியும் சேர்ந்து ஆதி தாளம் போட அது போதாது. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர்தான் போகிறது. நேர்க்கோட்டில் இழுத்தாலே 8,000 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும் அந்தத் தூரத்துக்கு, ஒரு வழிக்கு மட்டும் 40 மில்லிசெகண்ட். கேபிள் கடலைச் சுற்றிப் போவதால் உண்மையில் இன்னும் அதிகம். எந்த டிரைவரும் இதைக் குறைக்க முடியாது. ஆகவே வகுப்பில் ஆசிரியர் ஒரு சங்கதி பாடி நிறுத்துகிறார், மாணவி திருப்பிப் பாடுகிறார். சேர்ந்து பாட வேண்டிய கீர்த்தனையை ஆசிரியர் சுருதியோடும் தாளத்தோடும் பதிவு செய்து அனுப்பிவிடுகிறார். மாணவி அதை முதல் டிராக்கில் போட்டு, பஃபரை 128க்கு இறக்கி, இரண்டாவது டிராக்கில் தன் குரலைப் பதிவு செய்து அனுப்புகிறார். எந்த இடத்தில் அவசரப்பட்டார், எந்த இடத்தில் இழுத்தார் என்பதை ஆசிரியர் இரண்டு டிராக்கையும் ஒன்றாக ஓடவிட்டுத் திருத்துகிறார்.